எட்டாம் வகுப்பு என்னும் வாயில்

உயர்கல்வியின் வாயில் நமக்கு எப்போது திறந்தது? பன்னிரண்டாம் வகுப்பில் என்போம். உண்மையில், பதின்மூன்று வயதிலேயே அது திறக்கிறது, அல்லது அடைபடுகிறது. ராபர்ட் மோசஸ் என்னும் அமெரிக்கரின் பணியைப் படித்தபோதுதான் நான் இதை உணர்ந்தேன்.

மோசஸ் 1961-இல் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்று, கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்விக்கப் பாடுபட்டவர். அங்கே வாக்குரிமை கேட்டவர்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தனர். நல்ல பள்ளியை மறுத்தவர்களே, படிப்பில்லை என்று சொல்லி வாக்கையும் மறுத்தனர்!

1982-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அவர் மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். அவ்வகுப்பில் அல்ஜீப்ரா கற்பிக்கப்படவில்லை. அதைக் கல்லாதவர் ஒன்பதாம் வகுப்பின் உயர்தரக் கணிதப் பிரிவில் சேர முடியாது. தந்தையே வகுப்பறைக்குச் சென்று, மகளுக்கும் உடன் மூவருக்கும் கற்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததே ‘அல்ஜீப்ரா திட்டம்’.

பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று அவர் கவனித்தார். எண் என்றால் ‘எத்தனை?’ என்ற ஒரே கேள்விதான் அவர்களுக்குத் தெரியும். அல்ஜீப்ராவோ ‘எந்தத் திசையில்?’ என்றும் கேட்கிறது. ஆகவே அவர்களைச் சுரங்க ரயிலில் அழைத்துச் சென்றார். சென்ட்ரல் நிலையத்தைச் சுழியமாகக் கொண்டால், ஒரு பக்கம் ஹார்வர்ட் +1. மறுபக்கம் கெண்டால் −1. பயணத்தைப் படமாக வரைந்து, தம் பேச்சில் விவரித்து, பிறகு செம்மையாகச் சொல்லி, கடைசியிலேதான் குறியீட்டுக்கு வந்தார்கள்.

நிற்க. வாயிலையே எடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாதா? சான்பிரான்சிஸ்கோ நகரப் பொதுப்பள்ளிகள் 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை நீக்கிப் பார்த்தன. வசதியுள்ளோர் வெளியே பணம் கட்டிப் படித்துக்கொண்டனர். 2024-இல் அதனை மீண்டும் கொண்டுவர முடிவு செய்தனர். வாயிலைத் தாழ்த்துவது வேறு; வாயிலுக்குப் படி கட்டுவது வேறு. படி கட்டவேண்டிய காலம் ஆறாம், ஏழாம் வகுப்புகளே என்பது என் கருத்து.

மன்றத்து அன்பர்களே! நம் விடுதியில் சமைப்பவர், துப்புரவு செய்பவர் வீடுகளிலும் அவ்வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மாலை அவர்களோடு அமர்வோம். சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். ‘எந்தத் திசையில்?’ என்று கேட்டுத் தொடங்குவோம்.