கடல் கொண்ட டன்விச்

கடல்கோள் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. ஆயினும், ஓர் ஊரின் நிலத்தைக் கடல் கொண்ட பின்னரும் அவ்வூரின் உரிமை மட்டும் கரையில் எஞ்சி நின்ற விந்தையை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன். இங்கிலாந்தின் கீழைக் கரையில், சஃபோக் பகுதியிலுள்ள டன்விச் என்னும் சிற்றூரே அது.

இன்று சிற்றூராயினும், அன்று அது பெருந்துறைமுகம். 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கில் அதற்கு மூன்று தேவாலயங்கள் குறிக்கப்பட்டுள்ளன. 1199-இல் ஜான் மன்னன் வழங்கிய சாசனத்தால் அது தன்னாட்சி உரிமை பெற்ற நகராயிற்று. 1298 முதல் பார்லிமெண்டுக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பும் உரிமையும் அதற்கு இருந்தது.

அந்நகரின் கரையோ மணற்பாங்கானது. 1286 முதல் 1328 வரை அடுத்தடுத்து வீசிய பெரும்புயல்கள் வீடுகளை வாரிச் சென்றன. துறைமுக வாயிலை மணலால் அடைத்தன. கப்பல்கள் வேறு துறை நாடின, வாணிகம் நலிந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் தெருத்தெருவாக ஊர் கடலுள் சரிந்தது. எஞ்சி நின்ற பழைய தேவாலயமொன்றும் 1904-இல் சரியத் தொடங்க, 1919-இல் அதன் கோபுரமும் வீழ்ந்தது.

நிலம் போயினும் சாசனம் போகவில்லை. 1831-இல் வாக்காளர் 32 பேரே. இரண்டு உறுப்பினர் இடங்களோ அப்படியே இருந்தன. அவற்றில் யார் அமர்வது என்பதை நிலவுடைமைக் குடும்பங்கள் இரண்டு முடிவு செய்தன. அதே காலத்தில், ஆலைகளால் மக்கள் பெருகிய மான்செஸ்டர் நகருக்கு உறுப்பினர் ஒருவரும் இல்லை! 1832-இன் சீர்திருத்தச் சட்டம் இம்முரண்பாட்டை நீக்கியது; டன்விச் தன் இடங்களை இழந்தது. 1886-இல் அதன் நகராட்சியும் மறைந்தது.

அத்துடன் ஊராட்சி அற்றுப்போயிற்றோ எனின், இல்லை. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப் பகுதியின் ஒவ்வொரு பாரிஷுக்கும் ஊர்க்கூட்டத்தை ஏற்படுத்தியது. மக்கள் தொகை மிகக் குறைந்த பாரிஷுக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் கட்டாயமில்லை. வாக்காளர் அனைவருமே சபையினர். ஆண்டுக்கு இருமுறையேனும் அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்து, ஊர்ப்பொதுக் காரியங்களை ஆராய்தல் வேண்டும். டன்விச்சும் அவ்வாறு நடைபெறும் பாரிஷே.

இவற்றை ஒப்பிட்டு நோக்கின் உண்மை விளங்கும். பார்லிமெண்டில் இரண்டு இடங்கள் இருந்த நாளில் டன்விச் மக்களின் குரல் அங்கே ஒலிக்கவில்லை. விலைபோகும் பழஞ்சாசனமே ஒலித்தது. இடங்களை இழந்த ஊரிலோ இன்று ஒவ்வொருவரும் எழுந்து பேசலாம். ஆட்சியுரிமைக்கு அடித்தளம் ஏடுமன்று, நிலமுமன்று. வாழும் மக்களே என்பதனை அக்கரை நமக்கு உணர்த்துகின்றது.