தண்ணீர் கழுவாத புகை

கரிய உலோகக் குடம். அதைச் சுற்றி வெள்ளியில் இதழ் விரித்த கசகசாச் செடிகள். கர்நாடகத்தின் பீதர் பட்டறைகளில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் உருவான இத்தகைய குடங்களை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்களில் பலர், பூச்சாடி என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அவை ஹூக்காவின் அடிக்குடங்கள். உள்ளே தண்ணீர், மேலே புகையிலை எரியும் சிலும்பி, பக்கத்தில் இழுகுழாய்.

வேலைப்பாடு அசாத்தியமானது. பெரும்பகுதி துத்தநாகமும் சிறிது செம்பும் கலந்து வார்த்த குடத்தில் உளியால் பூவேலை செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வெள்ளியைத் தட்டிப் பதிப்பார்கள். பிறகு பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசுவார்கள். உலோகம் கறுத்துப்போகும், வெள்ளி மட்டும் மின்னும்.

ஈரானின் கிர்மான் குயவர்களோ சீனப் பீங்கானைப் பார்த்து, ஹூக்காக் குடங்களின் வெண்பரப்பில் நீலம் தீட்டினார்கள். யானை வடிவக் குடங்கள்கூட உண்டு.

அரசர்கள் புகையிலையைத் தடுக்கப் பார்க்காமலில்லை. 1617-ல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தடை விதித்தார். ஈரானில் ஷா அப்பாஸும் தடுத்தார். ஆனால் ஜஹாங்கீரின் தூதராக அங்கே போன கான் ஆலமால் புகையில்லாமல் இருக்க முடியவில்லை. ஷா அவருக்கு விலக்கு கொடுத்தார். ஜஹாங்கீரே எழுதிவைத்த சேதி இது.

தண்ணீர் புகையின் கெடுதலைக் குறைக்கும் என்று அக்பரின் மருத்துவர் அபுல் ஃபத் கிலானி சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. அவர் இறந்தது 1589-ல். அக்பர் அவைக்குப் பீஜப்பூரிலிருந்து தூதர் அசத் பேக் புகையிலை கொண்டுவந்ததோ 1604 வாக்கில். கணக்கு இடிக்கிறது. நம்பிக்கை மட்டும் இன்றுவரை இடியவில்லை என்பதுதான் கவலை.

திருச்சிச் சுருட்டு தொண்டையைக் காந்தும். போதும் என்று உடம்பே சொல்லிவிடும். தண்ணீரில் குளிர்ந்த புகையில் அந்த எச்சரிக்கை இல்லை. நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் தாராளமாக உள்ளே போகின்றன. ஒரே அமர்வில் 100 சிகரெட் அளவுக்கு, அதற்கு மேலும்கூட புகை உள்ளே போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆப்பிள், புதினா வாசனை சேர்த்து இளைஞர்களிடம் கொண்டுபோகப்படுவதும் இதே புகைதான். தமிழ்நாடு சட்டம் திருத்தி ஹூக்கா கூடங்களைத் தடை செய்ததற்குக் காரணம் இருக்கிறது.

கலையைக் கலையாகப் பார்க்க வேண்டும் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். பார்க்கட்டும். ஆனால் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிலும்பியையும் குழாயையும் வைத்து, தண்ணீர் புகையைச் சுத்தம் செய்யாது என்று தமிழில் இரண்டு வரி எழுதிவைக்க எந்த அருங்காட்சியகத்துக்கும் பெரிய செலவாகாது.