பழைய ஊற்றுப்பேனாவின் நிறம்

பாட்டனார் காலத்துப் பெட்டியைத் துழாவும்போது, சில வீடுகளில் பழைய ஊற்றுப்பேனா ஒன்று கிடைப்பதுண்டு. அது கறுப்பாக இல்லாமல் மங்கிய பழுப்பு நிறத்தில் இருந்தால், கிடைத்தற்கரிய நிறம் என்றும், நல்ல விலை பெறும் என்றும் எண்ணத் தோன்றும். பெரும்பாலும் அவ்வெண்ணம் பிழையாகவே முடியும். கடையில் விற்றபோது அப்பேனா கறுப்பாக இருந்திருக்கும். அரிய நிறம் எது, மாறிய நிறம் எது என்று பிரித்தறிவதே பேனா சேகரிப்போர் கற்க வேண்டிய முதற்பாடம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட் என்னும் பொருளால் செய்யப்பட்டன. ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகக் கலந்து சூடாக்கினால், அது மரம்போல் கெட்டிப்படும். அதுவே எபோனைட். கருங்காலி மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது. மை அதனை எளிதில் அரிக்காது. கடைசல் எந்திரத்தில் வைத்து அதனை விரும்பிய வடிவில் கடையலாம். சென்னையை அடுத்த திருவள்ளூரில் இன்றும் எபோனைட் பேனாக்கள் கையால் கடையப்படுகின்றன. எனினும், வெளிச்சமும் ஈரமும் எபோனைட்டுக்குப் பகை. அவை படப்பட, மேற்பரப்பில் உள்ள கந்தகம் மாற்றமடைந்து, கறுப்பு நிறம் மெல்லப் பழுப்பாகிறது. பழைய பேனாவைத் தூய்மை செய்ய எண்ணித் தண்ணீரில் ஊறப்போடுவோர், மறுநாள் அதன் நிறமே மாறியிருப்பதைக் கண்டு திகைப்பர்.

உண்மை நிறத்தை அறிய, வெளிச்சம் புகாத இடங்களைப் பார்க்க வேண்டும். மூடியைத் திருகிக் கழற்றினால், அதற்குள் மறைந்திருந்த மரைப்பகுதி தெரியும். வெளியே பழுப்பாகவும் மரையில் கறுப்பாகவும் இருந்தால், அது வெயில் தந்த பழுப்பு என்பதில் ஐயமில்லை.

நிறத்தால் புகழ்பெற்ற பேனாக்களுள் ஒன்று பார்க்கர் டியோஃபோல்ட். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஜேன்ஸ்வில் நகரில் இயங்கிய பார்க்கர் நிறுவனம், 1921ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. விலை 7 டாலர். கறுப்புப் பேனாக்களே நிறைந்திருந்த சந்தையில், செந்நிற எபோனைட்டால் ஆன இப்பெரிய பேனா எல்லாருடைய கண்ணையும் ஈர்த்தது. சில ஆண்டுகளில் எபோனைட்டுக்கு மாற்றாகச் செல்லுலாயிடு என்னும் பிளாஸ்டிக் வந்தது. அதன்பின் நிறங்களுக்குப் பஞ்சமில்லை. 1926இல் பச்சையும், 1927இல் வெண்ணிறம் இழையோடிய நீலமும், மாண்டரின் மஞ்சளும் வந்தன.

சிவப்புப் பேனா எபோனைட்டா, செல்லுலாயிடா என்று கண்ணால் மட்டும் கூறுவது கடினம். இங்கே மூக்கு உதவும். கட்டை விரலால் சூடேறும்வரை தேய்த்தால், எபோனைட்டிலிருந்து கந்தக மணம் எழும். செல்லுலாயிடிலிருந்து கற்பூர மணம் எழும். கந்தக மணம் எழுந்தால், அது தொடக்க ஆண்டுகளில் செய்த பேனாவாக இருக்கும்.

செல்லுலாயிடும் நிறம் மாறாத பொருளன்று. பேனாவின் உடற்பகுதிக்குள் ரப்பரால் ஆன மைப்பை உண்டு. அதிலிருந்து கசியும் கந்தக ஆவி, நாளடைவில் பச்சையைப் பழுப்பாக்கும். நீலத்தையும் மங்கச் செய்யும். மூடிக்குள் மைப்பை இல்லையாதலால் மூடியின் நிறம் பெரிதும் கெடுவதில்லை. ஆகவே, மூடி ஒரு நிறமாகவும் உடல் வேறு நிறமாகவும் இருக்கும் பேனாவை ‘இரட்டை நிற அரிய வகை’ என்று எவரேனும் விற்க முயன்றால், வாங்குவோர் பொறுமையாக ஆராய வேண்டும். உடைந்த இரு பேனாக்களின் பகுதிகளை ஒன்றாகப் பொருத்தியிருக்கவும் கூடும். பழைய விளம்பரப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஓரளவு துணை செய்யும். ஆனால் அச்சு மையின் நிறத்தை முழுமையாக நம்புவதற்கில்லை.

இனி, உண்மையிலேயே அரியதான மஞ்சள் நிறம். அது அரியதானதற்குக் காரணம், அக்காலத்தில் அதனை விரும்பியோர் சிலரே என்பதுதான்! மஞ்சளின்மேல் மைக்கறை பளிச்சென்று தெரிந்தது. எளிதில் விரிசலும் கண்டது. விற்பனை குறைந்ததால் எண்ணிக்கையும் குறைந்தது. எஞ்சியவற்றுள்ளும் பல உடைந்தன. அன்று கடைக்காரர் விற்க இயலாமல் வைத்திருந்த பேனாவை, விரிசலின்றிக் கிடைத்தால் இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர்.

பழுப்பான பேனாவை மீண்டும் கறுப்பாக்க, உப்புத்தாளால் தேய்ப்போரும் உளர். பழுப்பு நீங்கி, உள்ளிருக்கும் கறுப்பு வெளிப்படும் என்பது உண்மையே. ஆனால் பேனாவின் உடலில் நிறுவனத்தின் பெயரும் ஊரின் பெயரும் மெல்லிய எழுத்துகளாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்க்கும்போது பழுப்போடு அவ்வெழுத்துகளும் போய்விடுகின்றன.