கண்ணுக்குத் தெரியாத கோடு

நண்பகல் வெயிலில் நிறுத்தி வைத்த மகிழுந்தின் கதவைத் திறந்தால், அனல் முகத்தில் அடிக்கும். இருக்கைகளுக்கு எதிரே உள்ள முன்பலகையைத் தொட்டால் விரல் சுடும். ஆனாலும், பல ஆண்டுகள் வெயிலில் காய்ந்த பின்னரும் அந்தப் பலகை உருகுவதில்லை. இதற்குக் காரணமானவர் யார் என்று நீங்கள் சிந்தித்ததுண்டா? அவர்தாம் வாகன உட்புறப் பாகங்களை வடிவமைக்கும் பொறியியலாளர்.

மலேசியாவில் 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகாவும் 1994ஆம் ஆண்டு பெரோடுவா கஞ்சிலும் விற்பனைக்கு வந்தன. வாகனத் தயாரிப்பு வளர வளர, அதற்குத் தேவையான பாகங்களைச் செய்யும் தொழிற்சாலைகளும் பெருகின. இருக்கை, கதவின் உட்புறம், முன்பலகை போன்றவற்றை வடிவமைப்பதும் இத்துறையின் முக்கியப் பணிகளுள் ஒன்றாகும்.

பொறியியலாளர் முதலில் கணினியில் பாகத்தின் வடிவத்தை வரைகிறார். குள்ளமானவரும் உயரமானவரும் எளிதாகத் தொடும் இடத்தில் பொத்தான்கள் அமைய வேண்டும். பிறகு, ஏற்ற நெகிழியைத் தேர்ந்தெடுக்கிறார். உருக்கிய நெகிழியை எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்திப் பாகத்தை உருவாக்குவார்கள். நெகிழி ஆறும்போது சற்றுச் சுருங்கும். ஆகவே, அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். இக்கணக்குத் தவறினால், பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தா.

இப்பணியின் பெரும் பொறுப்பு பயணிகளின் உயிரைக் காப்பதாகும். விபத்தில் தலை மோதக்கூடிய இடங்களில் கூரிய விளிம்புகள் இருத்தல் கூடாது. மேலும், முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப் பை முன்பலகைக்குள் மடிந்திருக்கும். கடும் மோதல் நேர்ந்தால், அது கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பலகையைப் பிளந்துகொண்டு விரியும். அதற்காகப் பல மகிழுந்துகளில் பலகையின் உட்புறத்தில் மெல்லிய கோடு ஒன்றை வெட்டி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அந்த இடம் தடித்துவிட்டால், பை உரிய நேரத்தில் விரியாது. மிகவும் மெலிந்துவிட்டால், வெயிலிலும் அதிர்விலும் பலகை வெடித்துவிடும். அன்றாடம் உறுதியாக இருக்க வேண்டிய பலகை, ஆபத்து நேரத்தில் மட்டும் சரியாகப் பிளக்க வேண்டும். அதனால்தான், கடுங்குளிரிலும் கடும் வெப்பத்திலும் அதனைப் பலமுறை சோதிக்கின்றனர்.

கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய பாடங்களில் ஆர்வம் உள்ளவர்கள், இயந்திரப் பொறியியல் அல்லது பொருளறிவியல் பயின்று இத்துறையில் நுழையலாம். பொறுமையும் பிறர்மீது அக்கறையும் இப்பணிக்கு மிகவும் தேவை.

மாணவர்களே, சிலர் முன்னிருக்கையில் அமர்ந்து முன்பலகைமீது கால்களை நீட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது காற்றுப் பை விரிந்தால், கால் எலும்புகள் முறியக்கூடும். பொறியியலாளர் நம்மைக் காக்க வரைந்த கோடு, நம் கவனக்குறைவால் நமக்கே தீங்காகிவிடக் கூடாது. கால்களைக் கீழே வைத்து, இருக்கைவாரை அணிந்து அமருங்கள். அவரது உழைப்பு அப்போதுதான் முழுப் பயன் தரும்.