பார்கவியிடம் பேசியவர்

மூணாறை அடுத்த சித்திரபுரமானாலும் கடலோரக் கிராமமானாலும், கேரளத்தில் பாழடைந்து பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பட்டப்பெயர் ஒன்றுதான்: ‘பார்கவி நிலையம்’. 1964-இல் ஏ. வின்சென்ட் இயக்கத்தில் வெளிவந்த படத்தின் பெயர் இது. அதன் வித்து, வைக்கம் முகம்மது பஷீர் (1908-1994) எழுதிய ‘நீலவெளிச்சம்’ சிறுகதை.

எழுதுவதற்காக ஒரு எழுத்தாளர் தனி வீடு பிடிக்கிறார். காதலில் ஏமாந்து கிணற்றில் குதித்த பார்கவியின் ஆவி அங்கே உலவுவதாக ஊர் மிரட்டுகிறது. அவரோ மந்திரவாதியைத் தேடவில்லை. பார்கவியிடம் மரியாதையாகப் பேசுகிறார். இசைத்தட்டுப் போட்டுக் கேட்க வைக்கிறார். ஒருநாள் இரவு விளக்கில் எண்ணெய் தீர்கிறது. மண்ணெண்ணெய் வாங்கிவந்து கதவைத் திறந்தால், அறை முழுக்க நீல ஒளி! அது எங்கிருந்து வந்தது? பஷீர் சொல்லவில்லை.

பஷீரே திரைக்கதை எழுதிய படம் ஒருபடி மேலே போகிறது. எழுத்தாளர் பார்கவியின் கதையையே எழுத உட்காருகிறார். எழுத எழுத உண்மை வெளிவருகிறது: அது தற்கொலையல்ல, கொலை. 2023-இல் ஆஷிக் அபு இதையே ‘நீலவெளிச்சம்’ என்று மீண்டும் படமாக்கினார்.

தலைப்பைத் தமிழாக்க வேண்டிய அவசியமே இல்லை. இரு மொழிகளிலும் வெளிச்சம் வெளிச்சம்தான். மொழிபெயர்ப்பவருக்குச் சவால், செத்துப்போன பெண்ணிடம் பஷீர் காட்டும் அந்தப் பரிவு. ஊர் அவளைக் கண்டு பயந்தது. என்ன நடந்தது என்று கேட்டவர், வாடகைக்கு வந்தவர் மட்டுமே.