அணைமேல் ஓடும் சைக்கிள் பாதை

ஒல்லாந்தர் என்றதும் இலங்கையருக்கு நினைவில் எழுபவை கோட்டைகளும் வாய்க்கால்களுமே. அவர்களுடைய தாய்நாட்டிலோ இன்று முதலிற் கண்ணிற்படுவது துவிச்சக்கர வண்டி. பெல்ஜிய எல்லையை அடுத்த ஸ்லௌஸ் என்னும் சிற்றூரிலிருந்து ஜேர்மன் எல்லை வரை, கடலோரமாக ஏறத்தாழ 600 கிலோமீற்றர் நீளமுள்ள சைக்கிள் வழி ஒன்று அங்கு உண்டு. மணற்குன்றுகளின் இடையிலும் கடலணைகளின் மீதும் செல்லும் இவ்வழியிற் கோடை காலத்திற் பிரயாணஞ் செய்வோர் பலர். அப்பகுதியில் தென்மேற்குக் காற்றே மிகுதி. ஆதலால் தெற்கிலிருந்து வடக்கே போவோருக்குக் காற்றும் துணை செய்கிறது.

ஆயினும் காற்றுத் தள்ளிவிட்டாலும் கடக்க முடியாத ஓர் இடையூறு உண்டு. அதுவே பாதை திருத்த வேலை. உள்நாட்டிலெனின் தடுப்பு வேலியைக் கண்டதும் இடமாகவோ வலமாகவோ திரும்பிவிடலாம். கரையோரத்தில் ஒரு பக்கம் கடல். மறுபக்கத்திற் பல இடங்களில் வாய்க்கால். கடற்கரை மணலில் மூட்டைகளோடு கூடிய வண்டியைத் தள்ளிப் பார்த்தவர் மறுமுறை அதனை நாடார்.

பிரயாணிகள் வருங் கோடையிலேதான் பாதையைத் தோண்டவேண்டுமா என்று முணுமுணுப்போர் உளர். காரணம் இல்லாமலில்லை. நெதர்லாந்தின் நிலப்பரப்பிற் காற்பங்கு கடல்மட்டத்திலும் தாழ்ந்தது. 1953 பெப்ரவரி முதலாந் திகதி கடல் அணைகளை உடைத்து உட்புகுந்தபோது அந்நாட்டில் 1,836 பேர் மாண்டனர். ஆகவே ஒக்டோபர் நடுப்பகுதி தொடங்கி வசந்தகாலம் வரும் வரை, புயற் பருவத்தில், கடலணைகளிற் கைவைப்பதற்குப் பொதுவாக இடமளிப்பதில்லை. எஞ்சியிருப்பது கோடை. சைக்கிள் பாதையோ அணையின் உச்சியிலோ அடியிலோ கிடக்கிறது. அணையைப் பலப்படுத்தும்போது பாதையும் மூடப்படுவது தவிர்க்க முடியாதது.

மூடப்பட்ட பாதைக்கு மாற்றுவழி காட்ட மஞ்சட் பலகைகள் நாட்டப்படும். அவற்றிற் காணப்படும் "ஓம்லைடிங்" என்னுஞ் சொல்லுக்குச் சுற்றுவழி என்பது பொருள். சைக்கிளின் உருவம் பொறித்த பலகையையே தொடரவேண்டும். மோட்டார் வண்டிகளுக்கான பலகையைப் பின்பற்றினால், அது வெகுதூரம் சுற்றிக்கொண்டு போய், சைக்கிள் செல்லலாகாத வீதியிலும் கொண்டுபோய் விடக்கூடும். மஞ்சட் பலகை மறைந்துவிட்டால், வெள்ளையிற் சிவப்பெழுத்துக் கொண்ட சாதாரண சைக்கிள் வழிகாட்டிகளைப் பார்த்து அடுத்த ஊரை நோக்கிப் போவது நலம். அங்கு சந்திகளுக்கு இலக்கமிடும் முறையும் உண்டு. 1995 இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்திற் தொடங்கிய இம்முறையின்படி, ஓர் இலக்கத்துக்குப் போகும் வழி அடைபட்டால், படத்தைப் பார்த்து வேறோர் இலக்கத்தின் வழியாகச் சுற்றிவரலாம். வேலையாட்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வேலியைத் தாண்டிப் போக ஆசை தோன்றும். தோண்டிய குழியும் நனைந்த களிமண்ணும் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கேதான் இருக்கும்.

சுற்றுவழியே இல்லாத இடமும் ஒன்றுண்டு. 1932 இற் கட்டிமுடிக்கப்பட்ட அஃப்ஸ்லௌடைக் என்னும் பேரணை, 32 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்ணீரின் நடுவே நேராகக் கிடக்கிறது. ஒருபுறம் உவர்நீர், மறுபுறம் நன்னீர் ஏரி. கரையோரச் சைக்கிள் வழி இதன்மீதே செல்கிறது. 2019 இல் அணையைப் பலப்படுத்தும் பெருவேலை தொடங்கியபோது சைக்கிள் பாதை மூடப்பட்டது. ஏரியைச் சுற்றிப் போவதெனின் நூறு கிலோமீற்றருக்கு மேல் மிதிக்கவேண்டும். மோட்டார் வண்டிக்கு இரண்டு மணி நேரம் நட்டம். சைக்கிள்காரருக்கோ ஒன்றிரண்டு நாள் நட்டம். இதனை உணர்ந்த அதிகாரிகள் பலகை நாட்டுவதோடு நின்றுவிடவில்லை. ஆளையும் சைக்கிளையும் சேர்த்து ஏற்றிச்செல்லும் பஸ் வண்டியைக் கட்டணமின்றி ஓடவிட்டனர். பாதையை மூடுவோர் பிரயாணியை மறுகரை சேர்ப்பதும் தம் கடனெனக் கொண்டமை பாராட்டத்தக்கதே.

இந்த ஏற்பாட்டை முன்னரே விசாரித்து வந்தோர் பஸ் நேரத்துக்கு அணையடியை அடைந்தனர். விசாரியாது வந்தோர் டென் ஊவர் என்னும் ஊரில், அடுத்த பஸ் வரும் வரை எதிர்க்கரையை நோக்கிக் காத்திருந்தனர். அணையின்மீது மோட்டார் வண்டிகள் விரைந்தோடிக்கொண்டிருந்தன. ஆனால் அது நெடுஞ்சாலையாதலால், சைக்கிளை அதில் இறக்கச் சட்டம் இடங்கொடாது.