'நிறம் எப்படி?' என்று கேட்டால் பதறாதீர்கள்!

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஊறுகாய், பருப்புப்பொடி எல்லாம் மறக்காமல் பெட்டியில் வைக்கிறார்கள். கூடவே நாலு அரபி வார்த்தைகளையும் எடுத்துப் போனால் நல்லது. கவுன்ட்டரில் போய் நின்றதும் "இந்தப் பேப்பரைப் பாருங்க" என்று நேராக விஷயத்துக்கு வருவது, அங்கே மரியாதைக் குறைவு. முதலில் ஸலாம், பிறகு நலம் விசாரிப்பு, அப்புறம்தான் பேப்பர்.

'அஸ்ஸலாமு அலைக்கும்' (உங்கள்மீது சாந்தி நிலவட்டும்) நமக்குத் தெரிந்ததுதான். 'வஅலைக்கும் ஸலாம்' என்பது பதில். அறைக்குள் நுழைபவர்தான் முதலில் சொல்ல வேண்டும். வெறும் 'ஹலோ' போலச் சொல்ல 'மர்ஹபா' போதும்.

அரபியில் அழகே பதிலில்தான். வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தருவார்கள். 'சபாஹுல் கைர்' என்றால் காலை வணக்கம். நேர்ப்பொருள், 'நன்மையான காலை'. பதில் 'சபாஹுன் நூர்', அதாவது 'ஒளிமயமான காலை'. எகிப்தில் இன்னும் ஒரு படி மேலே போய் 'சபாஹுல் ஃபுல்' என்பார்கள். ஃபுல் என்றால் நம்ம மல்லிகை! மாலையானால் 'மஸாவுல் கைர்', பதில் 'மஸாவுன் நூர்'.

நலம் விசாரிக்க 'கைஃப ஹாலக்?' பெண்ணிடம் கேட்டால் 'ஹாலிக்'. குவைத், ஈராக் பக்கம் 'ஷ்லோனக்?' என்பார்கள். நேர்ப்பொருள், 'உன் நிறம் எப்படி?' கறுத்துவிட்டோமோ என்று கவலைப்பட வேண்டாம், 'நல்லாயிருக்கியா?' என்பதுதான் அது. பதில், 'அல்ஹம்துலில்லாஹ்'. 'இறைவனுக்கே புகழ்' என்ற இந்தச் சொல்லை அரபுக் கிறிஸ்தவர்களும் சொல்வார்கள். தலைவலியோ, சம்பளப் பாக்கியோ, முதல் பதில் இதுதான். குறையெல்லாம் பிறகு.

ஆண்கள் கவனிக்க: பெண்களுக்கு ஸலாம் சொல்லும்போது அவர்களாகக் கை நீட்டினால் மட்டும் குலுக்குங்கள். இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்தால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'யஃதீக்கல் ஆஃபியா'. வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்து, 'இறைவன் உனக்குத் தெம்பு தரட்டும்' என்று வாழ்த்துவது. தெரு கூட்டுபவர், டாக்ஸி டிரைவர், கடைக்காரர், யாரிடமும் சொல்லலாம். நம் தமிழில் இதற்கு ஈடாக ஒரு சொல் சட்டென்று வரவில்லை. முடிவெட்டிக்கொண்டோ குளித்துவிட்டோ வருபவருக்குக்கூட, லெபனான், சிரியா பக்கம் 'நயீமன்' என்று தனி வாழ்த்து இருக்கிறது.

விடைபெறும்போது 'மஅஸ்ஸலாமா'. 'நல்லபடியாகப் போய் வாருங்கள்' என்று பொருள் என்பதால், வழியனுப்புகிறவர் சொல்வதே இயல்பு. வளைகுடாவில் கிளம்புகிறவர், 'ஃபீ அமானில்லாஹ்' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.